கீழ்வீட்டு வாசல்

எங்கள் சித்தப்பாவுக்கு வாடகைக்கு விட்ட வீடுகள் மூன்று. வீட்டுக்காரர்கள் படும் பாட்டைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் காபி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். குடியிருப்பவரைக் கிளப்புவதில் ஊருக்கு ஊர் ஆபத்து வேறு என்பது அவர் கட்சி. தில்லை நகரில் பாதிப் பேர் டாக்டர்கள், அவர்களாகவே போய்விடுவார்கள், போகாதீர்கள் என்று நாம்தான் கெஞ்ச வேண்டும். பாலக்கரையில் தாத்தா வாடகைக்கு எடுத்த கடையில் பேரன் உட்கார்ந்திருப்பான், கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பை நம் பேரன் வாங்குவான். எங்கள் சொந்த ஊரான உப்பிலியபுரத்தில் குடியிருப்பவன் எந்த வழியிலாவது பங்காளியாக இருப்பான், அங்கே வாயையே திறக்க முடியாது.

"ஸ்ரீரங்கம்தான் இருக்கிறதுலயே மோசம்," என்று முடிப்பார். "அங்க குடிவர்றவன் வீட்டோட பெருமாளையும் சேர்த்து வாடகைக்கு எடுத்துக்கிறான். வீட்டை விட்டாலும் விடுவான், அவரை விடமாட்டான்."

நாங்கள் சிரிப்போம். சிரித்ததற்குக் காரணம், எங்கள் வீடே ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருந்ததுதான். கீழே பெரிய ஹால், இரண்டு அறை, சமையல்கட்டு, கொல்லையில் கிணறு. மாடியில் ஒரே ஒரு அறை, ஒரு சின்ன அடுப்படி, மிச்சமெல்லாம் மொட்டைமாடி. எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம், இனி இரண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு பெரிய வீடு என்று அப்பாவும் அம்மாவும் மாடிக்குப் போய்விட்டார்கள். மேலே காவேரிக் காற்று வரும், அடுப்படி ஜன்னலில் கோபுரம் தெரியும் என்று அம்மாதான் முதலில் ஆசைப்பட்டது. கீழ்வீட்டுக்குக் குடிவந்தவர்களை நான் அன்று முதல் கீழ்வீட்டு அண்ணன், கீழ்வீட்டு அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அண்ணனுக்கு மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. அக்கா பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். அவர்கள் பெண் அந்த வீட்டில்தான் பிறந்தாள்.

அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வைகுண்ட ஏகாதசிக்கு உப்பிலியபுரத்திலிருந்து எங்கள் சொந்தக்காரர்கள் சொர்க்கவாசல் பார்க்க வருவார்கள், அந்த இரண்டு நாள் முன்ஹாலை அவர்களுக்கு விட்டுவிட வேண்டும். இப்படி ஒரு நிபந்தனையை வேறு எந்த ஊரில் சொன்னாலும் வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். ஸ்ரீரங்கத்தில் அது யாருக்கும் ஆச்சரியமில்லை. அக்கா ஹாலைக் கொடுத்ததோடு நிற்காமல் காபியும் போட்டுக் கொடுத்தார். வருஷா வருஷம் எங்கள் அத்தைமார்கள் யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்பதையே மறந்து, சர்க்கரை குறைவு என்று அக்காவிடம் குற்றம் சொல்லும் அளவுக்கு உரிமை வந்துவிட்டது.

அப்புறம் ஒரு மாசி மாதம் அம்மா மொட்டைமாடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் ஆபரேஷன். தில்லை நகர் ஆஸ்பத்திரியில் டாக்டர், நடக்கலாம், ஆனால் படி ஏறி இறங்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றபோதுதான் எங்கள் வீடே மாடியில் இருப்பது எங்களுக்கு உறைத்தது. கீழ்வீட்டு அண்ணனும் ஆட்டோ டிரைவரும் அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அக்கா முன்னால் நடந்து, பார்த்து, பார்த்து என்று சொல்லிக்கொண்டே போனார்.

சித்திரைத் திருவிழா வந்தது. பெருமாள் எங்கள் வீதி வழியாகத்தான் போவார். அத்தனை வருஷமும் அம்மா கோலம் போட்டு, தேங்காய் பழத் தட்டோடு கீழே வாசற்படியில் நின்று சேவித்தவள். குடித்தனம் வைத்த பிறகும் அந்தப் படியில் அவளும் கீழ்வீட்டு அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். அந்த வருஷம் நாகஸ்வரம் வீதி முனையில் கேட்டதும், நான் அம்மாவை மாடி முகப்புக்கு மெல்ல அழைத்துப் போகலாம் என்று கையைப் பிடித்தேன். அம்மா கையை உருவிக்கொண்டாள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போய், கொல்லையைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அவர் தலைக்கு மேல நான் நிக்கவா?" என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் வீதியில் வரும்போது மாடியில் நிற்க மாட்டார்கள். எல்லோரும் கீழே இறங்கி வருவார்கள். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் இறங்க முடியாத ஒரு ஆள் வீட்டில் இருப்பாள் என்று நான் யோசித்ததே இல்லை. மேளச் சத்தம் எங்கள் வாசலுக்கு வந்து, நின்று, கடந்து போனது. அம்மா அந்தச் சத்தத்தையே சேவித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கீழ்வீட்டு அக்கா அர்ச்சனை ஆன தேங்காய் மூடியை மேலே கொண்டுவந்தார். அம்மா பின்பக்கம் சுவரைப் பார்த்துக் கைகூப்பியபடியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, முகப்பில் நின்று பார்த்திருக்கலாமே என்று கேட்டார். அம்மா எனக்குச் சொன்ன அதே பதிலைச் சொன்னாள். அக்கா தேங்காயை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கீழ்வீட்டைக் கேட்டுவிட வேண்டியதுதான் என்று அன்றைக்கே முடிவாயிற்று. இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றால், மூன்று பேர் குடும்பமும் ஒரு கூட்டம் டியூஷன் பிள்ளைகளும் மாடி அறைக்குள் அடங்காது. சென்னையிலிருந்து தம்பி போனில் பயமுறுத்தினான். இத்தனை வருஷம் இருந்தவர்கள் லேசில் போக மாட்டார்கள், அக்ரிமென்ட்டும் புதுப்பிக்கவில்லை, கேஸ் என்று போனால் அம்மா காலத்துக்குள் முடியாது என்றான். அடுத்த சித்திரைக்குள் அம்மா கீழே இருக்க வேண்டும் என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் ஒரே கருத்து. கேட்பது அப்பாவின் பொறுப்பு.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஆயிரம் பேரை அதட்டி வேலை வாங்கியதாக அவரே சொல்வார். அந்த மனிதர் கீழே போனார், அரை மணி நேரம் உட்கார்ந்தார், மோர் குடித்துவிட்டு மேலே வந்தார். இப்போது வைகாசி, அவர்கள் பெண்ணுக்குக் காலேஜ் அட்மிஷன் அலைச்சல், பாவம் என்றார். ஆனியில் போய் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்தார். ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா என்று எங்களையே கேட்டார். ஆவணியில் அண்ணனுக்குக் காய்ச்சல். புரட்டாசியில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஐப்பசியில் தீபாவளி, ஜவுளிக் கடைக்காரன் அந்த மாதம் சாப்பிடவே நேரமில்லாமல் ஓடுவான். கார்த்திகையில் அடைமழை. காலி பண்ணச் சொன்னால் குடியிருப்பவர் இப்படி மாதத்துக்கு ஒரு சாக்குச் சொல்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேட்க வேண்டிய வீட்டுக்காரரே சாக்குச் சொல்லி நான் பார்த்தது எங்கள் அப்பாவிடம்தான்.

நானும் அப்போது தில்லை நகரில் வாடகைக்குத்தான் இருந்தேன். அந்த வீட்டின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். இரண்டு மாதத்தில் காலி செய்யவும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி, பக்கத்தில் ஒரு கும்பிடு. அவ்வளவுதான், காலி செய்துவிட்டு அங்கேயே வேறு தெருவுக்குப் போனோம். அந்த வீட்டுச் சுவரின் நிறம்கூட இப்போது எனக்கு ஞாபகமில்லை. அப்பா இவ்வளவு தயங்குகிறாரே என்று அவர் மேல் கோபம் கோபமாக வரும். அம்மா பின்பக்கம் உட்கார்ந்த கோலத்தை நினைத்தால் இன்னும் அதிகமாக வரும். ஆனால் அந்த மோரை நான் போய்க் குடித்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

மார்கழியில் ஏகாதசி வந்தது. வழக்கம்போல் கூட்டமும் வந்தது. விடியுமுன் சொர்க்கவாசலை மிதித்துவிட்டுத் திரும்பி, கீழ்வீட்டு முன்ஹாலில் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்தோம். அன்று சோறு கிடையாது. காபிக்கு விரதமில்லை என்பது எங்கள் ஊர்க்காரர்கள் எப்போதோ செய்துகொண்ட தீர்மானம். அக்கா டம்ளர் டம்ளராகக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ஜமக்காளத்தில் படுத்தபடி அப்பாவுக்குப் பாடம் எடுத்தார். அக்கா காதில் விழட்டும் என்றே பேசியது போலத்தான் இருந்தது.

"இடத்தைக் கொடுத்தா மடத்தைப் புடுங்குவாங்கன்னு சும்மாவா சொன்னாங்க? அண்ணி மேல கிடக்குறாங்க. நீங்க கீழ வந்து மோர் குடிச்சிட்டிருக்கீங்க."

அக்காவின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. அத்தைமார்கள் எல்லோரும் திடீரென்று காபியை ஊத ஆரம்பித்தார்கள். அப்பா குரலை உயர்த்தவில்லை.

"யார் மடத்தை யாருடா புடுங்குறது? நீ படுத்திருக்கிறது அவங்க ஹால்ல. வருஷா வருஷம் புடுங்கிட்டு வர்றது நாமதான்."

சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார். அக்கா மிச்ச டம்ளர்களையும் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பதினோரு மணி பஸ்ஸுக்கே எல்லோரும் புறப்பட்டுவிட்டார்கள்.

தை பிறந்த வாரம் அண்ணனும் அக்காவும் வெற்றிலை பாக்கு பழத் தட்டோடு மாடிக்கு வந்தார்கள். பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டதாக்கும் என்று அப்பா முகம் மலர நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன் உட்காரவில்லை. பாலக்கரையில் வீடு பார்த்துவிட்டோம், வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம், நீங்கள்தான் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்றார்.

அப்பா ஏதோ திருடியவர் போல நின்றார். "நான் காலி பண்ணச் சொல்லலையே," என்றார்.

"நீங்க சொல்லமாட்டீங்க சார், அதான் நாங்க சொல்றோம்," என்றார் அக்கா. "நீங்க ஒவ்வொரு தடவை வந்து உக்காரும்போதும் எதுக்கு வந்தீங்கன்னு எங்களுக்குத் தெரியும். கேட்டுட்டா போயிடணுமேன்னுதான் மோரைக் கொண்டுவந்து நீட்டிடுவேன். அந்த வாசல்ல இன்னும் ஒரு சித்திரை நின்னுடலாம்னு ஒரு ஆசை. ஆனா அம்மா சுவத்தைப் பாத்துக் கும்பிட்டதைப் பாத்தப்புறம் எனக்கு அங்க நிக்கவே முடியல."

அம்மா கையை நீட்டினாள். அக்காவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பெருமாளையும் சேர்த்துத்தான் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இப்போது அவரையும் சேர்த்துத்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி வந்தது. பீரோ, கட்டில், டியூஷன் பிள்ளைகள் உட்காரும் பாய்கள் எல்லாம் ஏறின. ஹாலில் சுவரோரம், அவர்கள் பெண் வளர வளர உயரம் குறித்த பென்சில் கோடுகள் மட்டும் மிச்சம் இருந்தன. வண்டி கிளம்பத் தயாரானதும் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாடிக்கு வந்தார். டிரைவரை ஒரு கை பிடிக்கச் சொல்லி, அம்மாவை அதே நாற்காலியில் உட்கார வைத்துக் கீழே தூக்கிக்கொண்டு வந்தார். காலியான ஹாலின் நடுவில் நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு, போயிட்டு வரேம்மா என்றார். காலி பண்ணிப் போகிற ஆளே வீட்டுக்காரியைக் குடிவைத்துவிட்டுப் போனது சித்தப்பாவின் மூன்று வீட்டு அனுபவத்தில் இல்லாத சங்கதி. அவரிடம் போனில் சொன்னேன். அண்ணியிடம் போனைக் கொடு என்றார்.

மாடியை யாருக்காவது விடலாம் என்று தம்பி சொல்லிக்கொண்டேயிருந்தான். அப்பா போர்டு மாட்டவில்லை. பென்சில் கோடுகள் மேல் வெள்ளையடிக்கவும் இல்லை.

சித்திரையில் கருட வாகனத்தன்று சாயங்காலம் நான் தில்லை நகரிலிருந்து வந்தபோதே வீதியில் நிற்க இடமில்லை. அம்மா பட்டுப்புடவை கட்டி, வாசற்படியில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பா பக்கத்தில் நாற்காலியைத் தயாராக வைத்திருந்தார், அவள் உட்காரவில்லை. தட்டில் தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் இருந்தன. மேளம் முனை திரும்பியது. அம்மா பெருமாள் வரும் திசையைப் பார்க்காமல் எதிர்ப்பக்கக் கூட்டத்தையே துழாவிக்கொண்டிருந்தாள்.

அங்கே, எதிர்வீட்டு மதிலோரம், ஒரு முழம் துளசியைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்வீட்டு அக்கா நின்றிருந்தார். பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். எங்கள் வாசலுக்கு வராமல் யாரோ போல அங்கே நின்றுவிட்டார். அம்மா அத்தனை சத்தத்துக்கும் மேலே கூப்பிட்டாள்.

"அங்க எதுக்கு நிக்கிற? உன் வாசல்ல வந்து நில்லு."

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். அம்மா தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாக்கரை விட்டு ஒரு கையை எடுத்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெருமாள் வந்தபோது இரண்டு பேரும் எப்போதும் போல அந்த ஒரே படியில் நின்றிருந்தார்கள்.