பார்க்காத கோப்பு

டெல்லித் தமிழர்களிடையே கல்யாணப் பேச்சு எடுத்தால், ஜாதகம் பொருந்திய மறுநாளே விசாரணை தொடங்கிவிடும். பையன் எந்த மினிஸ்ட்ரி என்கிறார்களோ, அந்த மினிஸ்ட்ரியில் நம்மவர் யார் இருக்கிறார் என்று தேடுவார்கள். பெண் எந்தக் கல்லூரியோ, அந்தக் கல்லூரி ஆபீசில் யார் என்று தேடுவார்கள். ஊர்ப்பக்கம் என்றால் எதிர் வீட்டில் கேட்டுவிடலாம். இங்கே எதிர் வீட்டில் பஞ்சாபிக்காரர் இருப்பார். அவர் யாரைப் பற்றிக் கேட்டாலும் "பஹுத் அச்சே லோக்", ரொம்ப நல்லவர்கள் என்று சொல்லி, கையில் ஒரு லட்டுவும் கொடுத்து அனுப்பிவிடுவார். அதனால் ஆபீசில் இருப்பவர்கள்தான் எங்களுக்கு எதிர் வீடு. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தேன். என்னிடம் வந்து போன மாமாக்களுக்கும் மாமிகளுக்கும் கணக்கு கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில் மாணவர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தார்கள். யார் எதைப் பார்க்கலாம், எதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், யாருக்குத் தரலாம் என்று முறைப்படுத்துவதற்கு ஒரு புதிய பிரிவைத் தொடங்கி என்னைப் பொறுப்பாக்கினார்கள். துணைவேந்தர் வெளிநாடு போய் வந்த சூட்டில் பிறந்த பிரிவு அது. அதற்கென்று சட்டம் ஏதும் நாட்டில் இல்லை. ஒரு அறை, ஒரு பஞ்சாபி உதவி அதிகாரி, ஓடினால் சத்தம் போடும் ஒரு கூலர், இவ்வளவுதான் எனக்குக் கொடுத்தார்கள். என் கணவர் லோதி ரோடு வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இவளுக்கு யார்கிட்டயும் எதையும் சொல்லாம இருக்கறதுக்குச் சம்பளம். வீட்டுல அதைச் சும்மாவாவது பண்ணலாம்" என்பார்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அந்தக் கோபம் ஆபீசுக்கு உபயோகப்பட்டது. முதல் வாரத்திலேயே உதவித்தொகை கிடைத்தவர்களின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் சாதி, அப்பாவின் வருமானம், அப்பா இல்லையென்றால் அதுவும். ஒரு பெண் தன் பெயர் இருந்த இடத்தை மறைத்து முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். தோழிகள் கூப்பிட்டபோதும் நகரவில்லை. கூட்டம் கலையட்டும் என்றுகூடக் காத்திராமல் அந்தத் தாளைக் கிழித்தேன். துறைத்தலைவர் என்னிடம் வெளிப்படைத்தன்மை பற்றி நீண்ட உபதேசம் செய்தார். "சார், உங்க சம்பளத்தையும் வீட்டு விவகாரத்தையும் பக்கத்துலயே ஒட்டிடலாமா?" என்று கேட்டேன். அதன் பிறகு பட்டியலில் வெறும் பதிவு எண் மட்டும் வந்தது.

ரெக்கார்டு ரூமுக்கும் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். ஒரு மாணவரின் கோப்பை எடுக்கிறவர், அது இருந்த இடத்தில் ஒரு சீட்டு வைக்க வேண்டும். எடுத்தவர் யார், எதற்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவாளரானாலும் சரி, பியூனானாலும் சரி. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பாதிப் பேர் கோப்புக் கேட்டு வருவதையே விட்டுவிட்டார்கள். காரணம் என்று எழுதும் இடத்தில் எழுதக்கூடிய காரணம் அவர்களிடம் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்குப் பெண் பார்த்தோம். அவனுக்கு மத்திய அரசு வேலை, ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். அப்பா போனபின் அம்மாவும் அவனோடு இருந்தாள். பெண் வீட்டாரும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம். ஆனால் பெண் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் வேண்டாம் என்று சாணக்யபுரியில் இருந்த நம் மாநில விருந்தினர் இல்லத்து கேண்டீனில் சந்தித்தோம். அம்மா கேட்டதற்கெல்லாம் அவள் "ஹாஞ்சி" என்று தலையாட்டினாள். இடையில் தமிழ் ஞாபகம் வந்து "ஆமா" என்பாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி வடையைத் தொடவே இல்லை. அவன் வடையைத் தொடாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அவளை அப்போதே பிடித்துப்போனது.

அவள் எம்.ஏ. படித்தது எங்கள் பல்கலைக்கழகத்தில்தான். இரண்டு வருடப் படிப்பு, அவளுக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. நடுவில் ஒரு வருடம் படிக்கவில்லை. எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. மலை மந்திர் பிரகாரத்தில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு அம்மாள், "அந்த ஒரு வருசம் பொண்ணு எங்க இருந்தா?" என்று கேட்டுவைத்தாள். முருகன் சந்நிதியில் விழுந்த அந்தக் கேள்வி அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிட்டது.

"ஏட்டி, உங்க ஆபீஸ்லதான எல்லாம் கெடக்கு. ஒரு எட்டு பாத்துட்டுச் சொல்லு" என்றாள் அம்மா.

"அவகிட்டயே கேளும்மா."

"கேட்டா சொல்லுதவளா இருந்தா எதுக்கு விசாரிக்கச் சொல்லுதேன்?"

முடியாது என்றேன். அம்மா எழுந்து போய்விட்டாள். ஊர்க்காரர்களுக்கு நான் முடியாது என்று சொன்னபோதெல்லாம், "எம் மக கறார்" என்று பெருமை பேசியவள் அவள்தான். மறுநாள் தம்பி போன் செய்தான். "அக்கா, எனக்கு அவளப் புடிச்சிருக்கு. நீ பாக்க வேண்டாம்" என்றான். நிம்மதியாக இருந்தது. பிறகு கொஞ்சம் தயங்கி, "ரொம்பப் பெருசா ஏதாவது இருந்தா மட்டும் சொல்லு" என்றான்.

அந்தத் தயக்கம் என்னைப் படுத்திவிட்டது. சின்ன வயதில் அவனைத் தூக்கிக்கொண்டு டி.டி.சி. பஸ் ஏறி இறங்கியவள் நான். அவன் தெரியாமல் எதிலாவது போய் விழுந்துவிடக் கூடாதே என்ற பயம் அம்மாவுக்கு மட்டும்தானா? மத்தியானம் ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். அவள் படித்த வருடத்து அலமாரி முன்னால் நின்று சீட்டு எழுத ஆரம்பித்தேன். என் பெயர் எழுதினேன், பதவி எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. தம்பிக்குப் பெண் பார்க்கிறோம் என்று எழுதுவதா? நான் போட்ட விதி என்னையே பார்த்துச் சிரித்தது. உதவித்தொகைப் பட்டியலை மறைத்து அந்த மாணவி நோட்டீஸ் போர்டில் முதுகைச் சாய்த்து நின்றதும் நினைவுக்கு வந்தது. சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, அலமாரிச் சாவியை உதவி அதிகாரியிடம் கொடுத்தேன். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். நானே கேட்டாலும் தராதீங்க" என்று இந்தியில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மேடம், தபியத் டீக் ஹை?" என்று என் உடம்பைப் பற்றி விசாரித்தார்.

அந்த வாரமே அம்மா பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்துவிட்டாள். மடியில் முறுக்கு டப்பா. வெளியே பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்து, தன் முறை வந்ததும் உள்ளே வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். நானும் விடவில்லை. விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டினேன்.

"மாணவிக்கு என்ன உறவுன்னு எழுதணும்மா."

"மாமியா ஆகப் போறவன்னு எழுது."

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்ல."

"பெத்தவகிட்டயே ஃபாரம் நீட்டுத. நல்லா இருட்டி."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும் தாங்கவில்லை. எழுந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா குரலைத் தணித்து, "என்ன எழுதியிருக்குன்னு எனக்கு வேண்டாம். நீ பாரு. பாத்துட்டு, ஒண்ணும் இல்லம்மான்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்" என்றாள்.

"ஒண்ணும் இல்லன்னு இந்தப் பொண்ணுக்குச் சொல்லிட்டா, நாளைக்கு வேற ஒரு பொண்ணப் பத்திக் கேக்கும்போது நான் பேசாம இருந்தா, அதுவே பதில் ஆயிரும்மா. எல்லாருக்கும் ஒண்ணுபோல வாய மூடணும். அப்பதான் அது மூடுனதாகும்."

அம்மா நெடுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு முறுக்கு டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். போகும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. பெற்ற மகளின் நியாயம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் இரண்டு முறுக்கைக் கடித்தேன்.

அவளுக்குப் புரிந்தது வேறு. அன்று சாயங்காலமே பெண் வீட்டுக்குப் போன் போட்டுச் சம்மதம் சொல்லிவிட்டாள். ஏன் என்று தம்பி கேட்டதற்கு அவள் சொன்ன விளக்கம் இது: "ஒங்க அக்கா பாத்துட்டா. பாக்காம அவளுக்குத் தூக்கம் வருமா? ஏதாவது இருந்தா சொந்தத் தம்பியக் கெணத்துல தள்ளுவாளா? ஒண்ணும் இல்ல, அதான் இந்தப் போடு போடுதா." நான் போய், "அம்மா, சத்தியமா நான் பாக்கல" என்றேன். "ஆமாட்டி, பாக்கல" என்று சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினாள். பெண் வீட்டாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்: பொண்ணோட விவரமெல்லாம் எம் மக கையிலதான் இருக்கு, அவளுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. பார்க்கவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, பார்த்ததாக நம்புகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். கல்யாணம் நடந்தது.

வந்தவள் என்னிடம் ஒட்டிக்கொண்டாள். அத்தை என்று அவள் கூப்பிட்ட என் அம்மாவுக்கு அடுத்தபடி, மதினியான நான்தான் அவளுக்கு எல்லாம். சமையலில் சந்தேகம் என்றால் எனக்குப் போன், தம்பியோடு சண்டை என்றால் எனக்குப் போன். காய்ச்சல் என்று நான் படுத்தபோது தன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்து கஞ்சி வைத்தாள். எனக்கு உடன்பிறந்த தங்கை கிடையாது. அந்தக் குறை எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது, அவள் வந்தபின்தான் தெரிந்தது. அம்மாவோடு இருந்து இருந்து அவள் தமிழும் திருநெல்வேலித் தமிழாகி, நடுநடுவே இந்தி போட்டுப் பேசும்போது கேட்க ஆசையாக இருக்கும்.

பல வருடங்கள் கழித்து ஒரு ஜனவரி மாதம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நானும் அவளும் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அம்மா கீழே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஒங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும். ரொம்ப நாளா நெனைக்கேன்" என்றாள்.

"எதுக்கு, இந்தப் பட்டாணிக்கா?"

"மஜாக் பண்ணாதீங்க, வெளையாட்டு இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி என் ஃபைலப் பாத்துட்டு, யார்கிட்டயும் சொல்லாம இருந்தீங்கள்ல, அதுக்கு."

நான் தலை நிமிரவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள். "இந்தக் குடும்பத்துல ஒருத்தங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சும் எனக்குச் சோறு போடுதாங்க, பக்கத்துல ஒக்கார வைக்காங்க. அப்படி நெனச்சு நெனச்சுத்தான் நான் இங்க நிம்மதியா இருக்கேன்."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் அவள் நிம்மதி அப்படியே இருக்கும். ஆனால் நான் அவள் கோப்பைத் திருட்டுத்தனமாகப் பார்த்தவளாகி, அவளை அந்தப் பொய்க்குமேல் உட்கார வைத்தவளாகவும் ஆவேன். இல்லை என்றால், இத்தனை வருடமாக அவளுக்குத் துணை இருந்த ஒருத்தியை அவளிடமிருந்து பிடுங்கியதுபோல் ஆகும். ஆபீசில் எத்தனையோ விதிகள் எழுதியிருக்கிறேன், இதற்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

"நான் பாக்கலம்மா" என்றேன்.

அவள் முதலில் மாமியாரைப் போலவே நம்பாமல் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த பட்டாணி முறத்தில் உருண்டது.

"சச்சி?"

"நெசம்மா. சாவியக்கூட வேற ஆள்கிட்ட குடுத்துட்டேன்."

"அப்போ யாருக்குமே தெரியாதா?"

"எனக்குத் தெரியாது."

கீழே தெருவில் யாரோ காய்கறி விற்கும் சப்ஜிக்காரனிடம் பேரம் பேசும் சத்தம் கேட்டது. அவளைத் தனியாக விட்டுவிட்டோம் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் மெதுவாக, கோபப்படுகிறவளைப் போலக் கேட்டாள்:

"அப்படின்னா ஏன் எங்கிட்ட இவ்வளவு பிரியமா இருந்தீங்க?"

"என்ன கேள்வி இது? ஒன்னைப் புடிச்சிருந்தது. கேண்டீன்ல பாத்த அன்னைக்கே புடிச்சுப்போச்சு."

"பாவம் பாத்து இல்லையா?"

"எதுக்குப் பாவம் பாக்கணும்? எனக்கு என்ன தெரியும்?"

அவள் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். நானும் அழுதேன். அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். அழுகை ஓய்ந்ததும் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒரு வருடத்தைப் பற்றி அவளாகவே சொன்னாள். இந்தியில்தான் சொன்னாள், அவளுக்கு அது இந்தியில்தான் வந்தது. சொல்லி முடித்ததும் இருவரும் கீழே போய்ப் பட்டாணியைக் கழுவி அடுப்பில் வைத்தோம்.

என்ன சொன்னாள் என்று இங்கே எழுத மாட்டேன். இதை எழுத உட்காரும் முன் அவளிடம் அனுமதி கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பட்டாணி உரிச்சதையும் வேக வச்சதையும் எழுதிக்கோங்க, மதினி. நடுவுல நான் சொன்னத விட்டுருங்க" என்றாள்.