டிரை சோல்டர் என்று சொன்னேன்

ஓசூரில், பேட்டரியில் ஓடும் மீட்டர் செய்யும் சிறிய கம்பெனியில் நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த காலம். பேட்டரி சீக்கிரம் தீரக் கூடாதென்று, சிப்பில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போகும் கிளாக் துடிப்பை நிறுத்திவைத்து, வேண்டும்போது மட்டும் திறக்கும்படி எழுதியிருந்தேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

டெஸ்டிங்கில் சில போர்டுகளில் டிஸ்ப்ளே வரவில்லை. போர்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், “டிரை சோல்டர், ஈயம் பிடிக்கல” என்று சொல்லிவிட்டேன். பற்றவைத்தவர் ஊத்தங்கரையிலிருந்து வேலைக்கு வந்த செல்வி அக்கா.

“நல்லாத்தான் சார் வெச்சேன்” என்றார். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினார். அக்கா மறுபடி பற்றவைத்தார். அப்படியும் வரவில்லை. மூன்றாம் முறை உட்கார்ந்தபோது அவர் விரலில் கொப்புளம்.

அப்போதுதான் என் புரோகிராமைப் பார்த்தேன். கிளாக்கைத் திறந்தாலும் துடிப்பு டிஸ்ப்ளே பகுதிக்கு வந்து சேர ஒரு கணம் ஆகும். நான் அதற்குள் டிஸ்ப்ளேவுக்கான கட்டளையை அனுப்பியிருந்தேன். சில போர்டுகளில் அது தொலைந்துபோனது. காத்திருக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா மூன்றாம் முறை பற்றவைத்துக் கொண்டுவந்த போர்டுகளில் திருத்திய புரோகிராமை ஏற்றினேன். எல்லாவற்றிலும் டிஸ்ப்ளே வந்தது.

“நீங்க சொன்னப்புறந்தான் சார் என் கை திருந்துச்சு” என்றார்.

“பரவால்லக்கா” என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய நான், அன்று அவரை மன்னித்து அனுப்பினேன்.