எஞ்சினை நிறுத்துவதில் தோஷமில்லை

நான் படித்த படிப்பின் பெயரை, ஈப்போவை ஒட்டிய எங்கள் புந்தோங்கில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. பெர்ஃபியூஷன் டெக்னாலஜி. அறுவை சிகிச்சைக்காக இதயத்தை நிறுத்தியிருக்கும் நேரத்தில், இரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, மறுபடி உடம்புக்குள் அனுப்பும் இயந்திரத்தை ஓட்டுகிற வேலை. அதைப் படிக்க மெட்ராஸ் போகிறேன் என்றதும் என் அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான்.

“மிஷின் ஓட்டவா? அதுக்கு லைசன் உண்டா?”

அண்ணன் லோரிக்காரர். லகாட் பக்கம் மணல் ஏற்றி ஈப்போவில் கொட்டுவார். ராகுகாலத்தில் மட்டும் சாவியைத் திருப்பமாட்டார். ஓடுகிற எஞ்சினை நிறுத்தலாம், தோஷமில்லை, கிளப்பத்தான் கூடாது. இது அவரே போட்ட சட்டம். லோரியில் கொண்டுவிட வந்த அன்றும் அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில், பினாங்கில் என் கப்பலை மூச்சிரைக்க ஓடித்தான் பிடித்தேன்.

நான் மெட்ராஸில் இருந்தபோது இங்கே மலேசியாவில் அரசாங்கமே கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், அண்ணன் பழைய நேரப்படி ஒரு ராகுகாலம், புது நேரப்படி ஒரு ராகுகாலம் என்று இரண்டையும் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார். லோரி முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

என்னோடு படித்தவர்களில் ஒருத்தி இந்த இயந்திரங்களை விற்கும் கம்பெனிக்குப் போனாள். ஒருவன் வளைகுடாவுக்குப் போனான், இன்னொருவன் அங்கேயே பாடம் நடத்தினான். என்னைக் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனை எடுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் அண்ணனுக்குப் படியேறினாலே மூச்சு வாங்கியது. எஸ்டேட் லயத்தில் சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருந்தது. மாற்றாவிட்டால் ஆள் தங்கமாட்டார் என்று எங்கள் மருத்துவமனை டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்.

அண்ணன் மசியவில்லை. “நெஞ்ச நிறுத்துவாங்களாம்லா! நின்னது நின்னதுதான். வா, வீட்டுக்குப் போலாம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எஞ்சின நிறுத்துனா தோஷம் இல்லன்னு யாருண்ணே சொன்னது?”

“நான்தான். அதுக்கு?”

“அப்ப நிறுத்துவோம். ராவுகாலம் வர்றதுக்குள்ள கெளப்பிடுறேன்.”

யோசித்தார். “மிஷின் நீயே ஓட்டுவியா?”

“நானேதான்.”

“பழைய டைமா, புது டைமா?”

“ரெண்டுக்கும் முன்னாடிலா!”

ஆபரேஷனுக்குக் கிடைத்தது புதன்கிழமை. அன்றைக்கு ராகுகாலம் நண்பகலில். காலையிலேயே ஆரம்பித்தும், வால்வு சுண்ணாம்பாக இறுகிக் கிடந்ததால் நேரம் இழுத்துக்கொண்டே போனது. என் சீனியர் பக்கத்தில் வந்து, தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மாட்டேன் என்றேன். எத்தனையோ பேருக்கு ஓட்டிய இயந்திரம்தான். அன்று அதில் ஓடியது என் அண்ணனின் இரத்தம்.

டாக்டர் இரத்தக்குழாயைக் கவ்வியிருந்த கிளாம்பை எடுத்தார். இதயம் ஒருமுறை நெளிந்து அடங்கியது. பிறகு தானாகவே துடிக்க ஆரம்பித்தது. சுவரைப் பார்த்தேன். மணி ஒன்று. பழைய கணக்கிலும் ராகுகாலம், புதுக் கணக்கிலும் ராகுகாலம். முகமூடிக்குள் சிரித்துக்கொண்டே அழுதேன்.

பேச்சு வந்ததும் அண்ணன் கேட்டார். “எத்தன மணிக்குக் கெளம்புச்சு?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “நட்டநடு ராவுகாலத்துல.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் திக்கென்றது.

சில மாதம் கழித்து லீவில் புந்தோங் போயிருந்தேன். மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது வாசலில் லோரி உறுமியது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அண்ணன்.

“அண்ணே, இன்னிக்குப் புதன்கெழம! மணியப் பாருங்க!”

நெஞ்சைத் தட்டிக் காட்டினார். “இது ஓடலையா? ஏறுலா, போலாம்.”