ரெஜிபோம் துண்டும் ஈர நெல்லும்

நெல் வியாபாரி நல்லரத்தினம் ஒரு மணியைக் கடித்து, கண்ணைப் பாதி மூடி, "ஈரம்" என்றால் அது ஈரம்தான். நிறையில் கழிவு எவ்வளவு என்பதையும் அவரே சொல்வார். செங்கலடிப் பக்கத்து வயல் வட்டைகளில் அந்தப் பல்தான் நீதிமன்றம். மேன்முறையீடு கிடையாது.

கேதீஸ்வரிக்கு இந்த அநியாயம் பொறுக்கவில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் பௌதிக ஆய்வு செய்யும் அவள், உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றைச் செய்தாள். அதனுள்ளே சிலிக்கனில் செதுக்கிய இரண்டு நுண்கண்ணாடிகள் எதிரெதிரே நிற்கும். மின்னழுத்தத்தை மாற்றினால் அவற்றின் இடைவெளி மாறும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஒவ்வொரு அலையாக உள்ளே வரும். தண்ணீர் விழுங்கும் அலை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் நெல்லின் ஈரம் தெரிந்துவிடும்.

அவளுடைய தாய் சின்னத்தங்கத்தின் நெல் வீதியோரம் விரித்த படங்குச் சீலையில் நன்றாகக் காய்ந்து கிடந்தது. லொறியோடு வந்த நல்லரத்தினம் கடித்தார். "ஈரம்."

"இதால பாப்பம்," என்று கேதீஸ்வரி கருவியை வைத்தாள்.

கருவியும் ஈரம் என்றது.

"என்ர பல்லும் உன்ர பெட்டியும் ஒரே பள்ளிக்கூடத்தில படிச்சிரிக்கு புள்ள," என்றார் நல்லரத்தினம். கூடி நின்ற விவசாயிகளும் சிரித்தார்கள்.

கருவி கையைச் சுட்டது. குளிரூட்டிய அறையில் அளவு திருத்தியதை உச்சி வெயிலுக்குக் கொண்டுவந்தது தன் பிழை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. சூட்டில் கண்ணாடிகளின் இடைவெளி விலகி, வேறு அலை உள்ளே வருகிறது. இடம் மாறாத அடையாளம் ஒன்று வேண்டும்.

ஏறாவூர் மீன்காரர் கச்சி முகம்மது மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பின்னால் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி, வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கால் ஆனது.

"நானா, அந்த மூடியில ஒரு துண்டு தாங்க."

"மீன விட்டுட்டு மூடியயா கறி வைக்கப் போறீங்க?" என்றபடி அவர் உடைத்துக் கொடுத்தார்.

ரெஜிபோம் விழுங்கும் அலைகள் வெயிலிலும் இடம் மாறுவதில்லை. அவை சரியான இடத்தில் தெரியும்வரை கேதீஸ்வரி மின்னழுத்தத்தைத் திருத்தினாள். பிறகு நெல்லை மறுபடி அளந்தாள். நன்றாகக் காய்ந்த நெல்.

"நீ சொல்றபடி பெட்டி ஆடுது," என்றார் நல்லரத்தினம்.

"அப்ப உங்கட மச்சான்ட நெல்லையும் பாப்பம்."

கழிவே இல்லாமல் வாங்கிய அந்த மூட்டைகள் லொறியில் இருந்தன. அதே வெயில், அதே கருவி. எந்த மூட்டையை அளந்தாலும் ஈரம். வியாபாரியின் பல்லுக்கு மச்சானின் நெல் மட்டும் எப்போதும் காய்ந்தே இருந்திருக்கிறது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. "முழு நிறையையும் போடுங்க," என்றார் ஒருவர். மற்றவர்கள் தராசைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். சின்னத்தங்கத்தின் மூட்டைகள் கழிவின்றித் தராசில் ஏறின. ஆளுக்கொரு கைப்பிடி நெல்லோடு கருவியின் முன்னால் வரிசை நீண்டது.

சின்னத்தங்கம் லொறியில் இருந்த மச்சானின் மூட்டையிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தாள். கண்ணைப் பாதி மூடினாள்.

"ஈரம்தான் தம்பி."