ஐந்தாவது பெயர்

1993 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. பிரிக்பீல்ட்ஸில் இடியுடன் மழை. இவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. பிறகு நடந்ததும் உண்மையே. அங்கே கணினி நிரல் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த புனிதவதி சொன்னதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை.

தீபாவளிக்கு நான்கு நாள்தான் இருந்ததால், அந்த மாடி அலுவலகத்தில் அவளையும் முதலாளி கந்தப்புவையும் தவிர எவரும் இல்லை. நிரலில் பிறர் செய்யும் திருத்தங்களைச் சரிபார்த்து, ஏற்பு அல்லது நிராகரிப்பு என்று கையொப்பமிடுவது அவள் வேலை. சோதனையில் காரணம் தெரியாத விடை ஒன்று வந்தாலும் நிராகரிப்பாள். அது அவள் விதி.

அன்றைய திருத்தம் உடன் வேலை செய்யும் ஜெயராஜுடையது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கணினிக்குள் ஓர் எண். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை ஓர் அட்டவணை சொல்லும். அட்டவணை மாறினால் எழுத்துகள் சிதையும். நிரலில் மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் சொல் எந்த அட்டவணைப்படி பதிவானது என்பதை, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரே அறிவிக்கும்படி செய்திருந்தான். கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனை, நோயாளிகளின் பெயர்ச்சீட்டுகளை இந்தக் கம்பைலரை நம்பியே அச்சிட்டது. மறுநாள் புதிய வட்டு அங்கே போகவேண்டும்.

சோதனைக்கு வீட்டாரின் பெயர்களை எழுதுவது அந்த அலுவலக வழக்கம். ஜெயராஜ் நான்கு பெயர் எழுதியிருந்தான்.

கம்பைலர் ஐந்து பெயர் காட்டியது.

ஐந்தாவது, நேசம்மா. அட்டவணை: பழையது. சிவசம்பு என்பவர் அமைத்தது. கைவிட்டுப் பல ஆண்டு ஆயிற்று. அவரும் வேலையை விட்டுப் போய், சென்ற ஆண்டு இறந்துவிட்டார்.

தீபாவளி விடுப்பில் கிள்ளானிலிருந்த ஜெயராஜைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"நேசம்மா யாரு, தம்பி?"

"தெரியாதுக்கா. நான் போட்டது நாலுதான். அம்மா, அப்பா, தங்கச்சி, டைகர்."

"டைகரா?"

"எங்க நாய்க்கா. அதுவும் குடும்பம்தான் லா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு பெயர்களையும் அழித்துவிட்டு மீண்டும் ஓட்டினாள்.

நேசம்மா.

கோப்பில் ஒரு புள்ளிகூட இல்லை. மறுபடியும் ஓட்டினாள்.

நேசம்மா... நேசம்மா...

கந்தப்பு எட்டிப் பார்த்தார். "என்ன புனிதம், இன்னும் முடியலயா?"

"ஒரு விடை சரியா வரல, பாஸ்."

"அப்போ ரிஜெக்ட் போட்டுட்டு வீட்டுக்குப் போ. உள்ள கிடக்கிறதெல்லாம் கஸ்டமருக்குக் காட்டணுமா? பழைய டிஸ்க்கே போகட்டும்."

தம் அறைக்குப் போய்விட்டார். விதியும் அதையே சொன்னது. பேனாவை எடுத்தாள்.

நான்கு இருபத்தேழு. இடி.

மின்சாரம் போயிற்று. விசிறி ஓய்ந்தது. விளக்கு அணைந்தது.

திரை அணையவில்லை.

பச்சை எழுத்துகள்... நேசம்மா.

குனிந்து, கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

நேசம்மா.

யாரோ மூச்சுவிட்டார்கள்.

அவள் இல்லை.

அசையாமல் நின்றாள். அப்போதுதான் ஒன்று தெளிந்தது. திருத்தம் பிழை செய்யவில்லை. உள்ளே இருந்ததைக் காட்டியது, அவ்வளவே. நிராகரித்தால் அது மீண்டும் மறைந்துவிடும். நாளை யாருடைய பெயரோ சிதையும்.

திரை வெளிச்சத்திலேயே எழுதினாள். ஏற்பு. காரணம்: பழைய அட்டவணை இன்னும் உள்ளே இருக்கிறது, நேசம்மா என்ற பெயர் அதைக் காட்டியது.

கையொப்பமிட்டாள்.

திரை அணைந்தது.

கந்தப்பு டார்ச்லைட்டுடன் தம் அறை வாசலில் நின்றார். அவள் நீட்டிய தாளை, வாங்காமலே படித்தார்.

"இந்தப் பேரை யார் சொன்னா?"

"கம்பைலர்."

கதவு நிலையில் சாய்ந்தார்.

"சிவசம்பு வீட்டுக்காரி. எண்பத்தேழுல, அதே ஆஸ்பத்திரி. சீட்டுல பேர் சிதைஞ்சு போச்சு. பக்கத்துக் கட்டில்காரிக்குப் போடவேண்டிய ஊசியை இவளுக்குப் போட்டுட்டாங்க. போயிட்டா. பழைய அட்டவணையை அழிச்சிடுங்கன்னு சிவசம்பு கும்பிட்டுக் கேட்டாரு. அழிச்சிட்டேன்னு சொன்னேன்."

"அழிச்சீங்களா, பாஸ்?"

அவர் டார்ச்சை மீண்டும் தாளின்மேல் திருப்பினார். தாளை நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

அவர் வாங்கிக்கொண்டார்.