கறுப்பு வெள்ளையில் ஒரு மேட்சிங் சட்டை

பாலகுமாருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பெரிய ஞானியாகிவிட்டான் என்று யாரும் கையெடுத்துக் கும்பிட வேண்டாம். பிறவியிலேயே கண் அப்படி. தக்காளி பழுத்ததா இல்லையா என்று அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பான். சிக்னலில் மேல் விளக்கு எரிந்தால் நிற்பான், கீழ் விளக்கு எரிந்தால் கிளம்புவான். பீன்யாவில் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அளவு சரிபார்க்கும் வேலை. பல்சக்கரத்துக்கு ஏது கலர்? அங்கே அவன்தான் ராஜா. தினமும் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் இறங்கி, கிரீன் லைனுக்கு மாறிப் போகிறவன், போர்டில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டுதான் போவான். மேப்பில் உள்ள கலர்க் கோட்டைப் பார்த்துப் போனால் ஊர் போய்ச் சேர முடியாது.

இந்தக் கண்ணால் அவன் இழந்தது இரண்டு. ஒன்று, ரயில்வே வேலை. எழுத்துப் பரீட்சை எல்லாம் தேறிய பிறகு, டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்து, கலர் கலராக இருந்த புள்ளிகளைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். "எண்ணா சார்?" என்று இவன் திருப்பிக் கேட்டான். அதோடு ரயில் போய்விட்டது. இன்னொன்று, கோலார் தங்கவயலில் பேசி முடித்த பெண். உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று அண்ணன் நல்ல மனசோடு சொல்லப்போக, "கலர் கொஞ்சம் குழம்பும்" என்ற சேதி பெண்ணின் பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது "பாதிக் கண் தெரியாது" என்று ஆகியிருந்தது. அத்தை வீட்டுக்குப் போனபோது மீதிக் கண்ணும் போய்விட்டது. அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தான்: இனிமேல் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வெளியில் ஒருத்தருக்கும் தெரியாது.

அப்படிப்பட்டவன் காதலில் விழுந்த இடத்தைப் பாருங்கள். உலகத்தில் வேறு இடமே கிடைக்காத மாதிரி, கமர்ஷியல் தெருவில் ஒரு மேட்சிங் சென்டர்! சேலையோடு போனால் அதற்குப் பொருத்தமான ஜாக்கெட் துணியை எடுத்துக் கொடுக்கும் கடை. தரையிலிருந்து கூரை வரை துணிச் சுருள்கள், அத்தனையும் கலர். ஆஸ்டின் டவுனில் இருக்கும் அண்ணி மகா, ஒரு சேலையை அவன் கையில் கொடுத்து, "கடைல குடுத்தா அவங்களே எடுத்துத் தருவாங்க பாலு, நீ வாயத் தொறக்காம நில்லு, போதும்" என்று அனுப்பி வைத்தாள்.

அந்தக் கடையில் ஜூலியா இருந்தாள். பிரேசர் டவுன்காரி. மேசை மேல் இருபது சுருளை உருட்டிவிட்டு, அதில் ஒன்றைச் சேலை மேல் வைத்து, தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தாள். பாலகுமாருக்குத் துணி தெரியவில்லை, சேலை தெரியவில்லை, அந்தச் சாய்ந்த தலை மட்டும்தான் தெரிந்தது.

"இது ஓகேவா சார்? இல்ல ஒரு ஷேடு கம்மி பண்ணலாமா?"

"நீங்களே பார்த்து குடுங்க மேடம்."

ஜூலியா நிமிர்ந்து பார்த்தாள். கடைக்கு வருகிற ஆண்பிள்ளைகள் எல்லோரும் அவளுக்குக் கலர் பாடம் எடுப்பார்கள். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடிப்பார்கள், வீட்டுக்கு வீடியோ கால் போடுவார்கள், கடைசியில் முதலில் காட்டியதையே வாங்கிப் போவார்கள். இப்படி முழுசாக அவள் கண்ணை நம்பி நின்ற ஒரே ஆள் இவன்தான். பிறகு ஒரு நாள் அதை அவளே அவனிடம் சொன்னாள். "அதாங்க உங்ககிட்ட எனக்கு பிடிச்சது" என்றும் சொன்னாள். பாலகுமார் வானத்தில் பறந்தான். பறந்துகொண்டே நெஞ்சுக்குள் ஒரு முள்ளும் குத்தியது. அவளுக்குப் பிடித்த அந்த ஒன்றே பொய் அல்லவா?

அதற்குள் மகா அண்ணியின் பீரோ நிரம்பி வழிந்தது. "அண்ணி, ஜாக்கெட் துணி ஏதாவது எடுக்கணுமா?" என்று வாரம் தவறாமல் கேட்டால் எந்த அண்ணிக்குத்தான் புரியாது? "எங்கிட்ட இருக்கிற சீலை எல்லாம் தீந்துபோச்சு, கொழுந்தனாரே. இனிமே பக்கத்து வீட்டுல கடன் வாங்கிக் குடுக்கவா?" என்றாள் மகா. இவன் வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டிசம்பர் வந்தது. ஜூலியா வீடு இருந்த காம்பவுண்டில் ஐந்தாறு குடும்பம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, எல்லோரும் முற்றத்தில் வெள்ளைப் படுதா கட்டி, ஒரே ஒரு படத்தை வருஷா வருஷம் போட்டுப் பார்ப்பார்கள். பழைய இங்கிலீஷ் கறுப்பு வெள்ளைக் காதல் படம். கிறிஸ்துமஸ் அன்று பனியில் மாட்டிக்கொண்ட ரயிலில் ஒரே கம்பளிக்குச் சண்டை போடும் இரண்டு பேர் கதை. பாதிப் பேருக்கு வசனம் புரியாது. அதனால் என்ன, எல்லாரும் சேர்ந்து தமிழில் பேசிக்கொள்வார்கள்.

ஜூலியா பாலகுமாரைக் கூப்பிட்டாள். சும்மா கூப்பிடவில்லை. கத்தரியை எடுத்து ஒரு சுருளில் விரல் அகலத் துண்டு நறுக்கி அவன் கையில் வைத்தாள்.

"இந்த கலர் சீலைதான் நான் கட்டப்போறேன். நீங்க மேட்சிங்கா சட்டை போட்டுட்டு வரணும். எங்க அம்மா, காம்பவுண்டு மொத்தமும் இருக்கும். போட்டுட்டு வந்தா என்ன அர்த்தம்னு அவங்களுக்கு புரியும். போடாம வந்தாலும் புரியும்."

"என்ன கலருன்னு..." என்று இழுத்தான்.

"துண்டுதான் கையில இருக்கே! நான் சொல்ல மாட்டேன்" என்று சிரித்துவிட்டு அடுத்த கஸ்டமரிடம் போய்விட்டாள்.

வாரம் முழுக்க ஓவர்டைம். சட்டை வாங்கப் பொழுது கிடைத்தது அந்தச் சனிக்கிழமை மாலைதான். அண்ணிக்கு ஒரு போன் அடித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் தன் காதலைச் சொல்லக்கூட அண்ணியைத் துணைக்குக் கூப்பிட்டால் எப்படி? இதை ஒன்றையாவது தன் கண்ணாலேயே செய்துவிட வேண்டும் என்று பாலகுமாருக்கு ஒரு வீம்பு. பண்டிகைக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, துண்டை ஒவ்வொரு சட்டை மேலும் வைத்துப் பார்த்தான். இது வெளுப்பு, இது கறுப்பு, இது கொஞ்சம் கிட்டே வருகிறது... ஒரு சட்டை மேல் வைத்ததும் துண்டு அப்படியே காணாமல் போனது. ஒட்டிப் பிறந்த மாதிரி! எதற்கும் இருக்கட்டும் என்று விற்பனைக்காரனிடம் கேட்டான். நாலு பேருக்கு நடுவில் பிதுங்கிக்கொண்டிருந்த அந்த மனிதன் திரும்பிக்கூடப் பார்க்காமல், கன்னடத்தில், "சக்கத்தாகிதெ சார், பில் ஹாக்லா?" என்றான். சூப்பராக இருக்கிறதாம், பில் போடவா என்கிறான். போதாதா? அங்கேயே சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு, பிரேசர் டவுனுக்கு ஆட்டோ பிடித்தான். வழியெல்லாம் பாட்டு.

காம்பவுண்டு கேட்டைத் திறந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி உள்ளே நுழைந்தான். யாரோ "க்ளுக்" என்று சிரித்தார்கள். ஜூலியாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. அவள் விடுவிடுவென்று போய், கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவளுடைய அம்மா பிலோமினா ஒரு தட்டில் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் கொண்டுவந்து நீட்டினாள். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. குரலில் மட்டும் ஐஸ்.

"வாங்க தம்பி. பச்சைச் சட்டை உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. எம் பொண்ணுதான் பாவம், செகப்பு கட்டிட்டு நிக்கிறா."

பாலகுமார் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பச்சையா? ஐயோ, பச்சையா! ஊர் கூடிய இடத்தில் "உன்னை வேண்டாம்" என்று சட்டையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். ஓடிவிடலாமா என்று பார்த்தான். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள், படம் ஆரம்பித்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்தான். உண்மையைச் சொன்னால் தங்கவயல் கதைதான். சொல்லாவிட்டால் இப்போதே எல்லாம் முடிந்துபோயிற்று.

படுதாவில் ரயில் நின்றது. கதாநாயகன் பெட்டியை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கி நடக்கிறான். கதாநாயகி ஜன்னலில் அழுகிறாள். சிக்னல் கம்பத்தில் இரண்டு விளக்கு, மேலே இருந்தது அணைந்து கீழே இருந்தது எரிந்தது. உடனே முற்றம் முழுக்க ஒரே கூச்சல்: "பச்சை விழுந்துடுச்சு! ஏறுடா, ஓடிப்போய் ஏறு!"

பாலகுமார் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். பச்சையா? எங்கே இருக்கிறது பச்சை? படுதாவில் இருப்பது கறுப்பும் வெள்ளையும்தானே? இவர்களும் மேல் விளக்கு, கீழ் விளக்கு என்றுதானே பார்க்கிறார்கள்! ஒரு காம்பவுண்டே உட்கார்ந்து அவன் கண்ணால் படம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, தைரியமும் சேர்ந்து வந்தது. கல்கல் தட்டோடு எழுந்து, இருட்டில் நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு போய், ஜூலியா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஜூலியா, எனக்கு செகப்பும் பச்சையும் ஒரே மாரிதான் தெரியும். பொறந்ததுல இருந்தே."

"விளையாடாதீங்க."

"சத்தியமா. இப்ப பச்சை விழுந்துச்சுன்னு கத்துனீங்களே, பச்சை எங்க இருந்துச்சு சொல்லுங்க? கீழ லைட்டு எரிஞ்சுது, அவ்ளோதான். நானும் டிரினிட்டி சர்க்கிள்ல சிக்னலை அப்படித்தான் பார்க்கறேன்."

அவள் திரும்பினாள். படுதா வெளிச்சத்தில் கண் ஈரமாக மின்னியது.

"அப்போ 'நீங்களே பார்த்து குடுங்க'ன்னு சொன்னது? என் கண்ணை நம்புறீங்கன்னு நெனச்சேனே."

"மொதல் தடவை வேற வழி இல்லாம சொன்னது. அப்புறம் சொன்னதெல்லாம் நம்பித்தான். என் கண்ணை விட உங்க கண்ணைத்தான் நம்புறேன்."

ஜூலியா தட்டிலிருந்து ஒரு கல்கல்லை எடுத்து மெதுவாகக் கடித்தாள். அவள் அதை மென்று முடிப்பதற்குள் பாலகுமார் தங்கவயலுக்குப் போய் வந்துவிட்டான். பிறகு அவள் கேட்டது கடைக்காரியின் கேள்வி.

"சரி, எதை வெச்சு இந்த சட்டையை எடுத்தீங்க?"

"நீங்க குடுத்த துண்டைத்தான். மேல வெச்சதும் துண்டே காணாம போச்சு. அச்சு அசல் மேட்சிங்."

"துண்டைக் குடுங்க."

அவன் சட்டைக் கையின் மேல் சிவப்புத் துண்டை வைத்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள், போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தாள். அவளுக்கு என்ன தோன்றியதோ, படுதாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினாள். அவ்வளவுதான், போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், கதாநாயகன் ரயிலில் ஏறினதைக்கூட ஒருத்தரும் கவனிக்கவில்லை. எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியது.

"என்னடி அது, படம் ஓடும்போது?" என்றாள் பிலோமினா.

ஜூலியா ஓடிப்போய்ப் போனை அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதுல என்னம்மா தெரியுது?"

"சட்டைக் கை தெரியுது. வேற ஒண்ணும் இல்லையே."

"நல்லா பாரும்மா. அது மேல என் சீலைத் துண்டு இருக்கு!"

யாரோ விளக்கைப் போட்டார்கள். பிலோமினா எழுந்து வந்து, பச்சைக் கையின் மேல் இருந்த சிவப்புத் துண்டைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடியும் துண்டைப் பார்த்தாள். ஜூலியா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "இத்தனை வருஷம் கடைல நிக்கிறேன்மா, இவ்வளவு கரெக்டா மேட்சிங் எடுத்த ஆளை நான் பார்த்ததே இல்ல" என்றாள்.

பிலோமினா பாலகுமாரை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். குரலில் இருந்த ஐஸ் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்போ தம்பி கேட்டுக்குள்ள வரும்போதே சரின்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்காரு. நமக்குத்தான் தெரியல" என்றாள்.

பாலகுமார் துள்ளி எழுந்தான். மடியில் இருந்த கல்கல் எல்லாம் கீழே கொட்டியதுதான் மிச்சம். ஜூலியா தன் தோளில் இருந்த ஊக்கைக் கழற்றி, அந்தத் துண்டை அவன் சட்டைக் கையோடு சேர்த்துக் குத்தினாள். அந்தச் சட்டையைத்தான் இப்போது எல்லா விசேஷத்துக்கும் போட்டுக்கொண்டு போகிறான். துண்டு இருக்கிறதா என்று அடிக்கடி தடவிப் பார்த்துக்கொள்வான், பார்த்தால் அவனுக்குத் தெரியாதே.