ஹான் ஜிங் உடைத்த சட்டி

ஹான் ஜிங்கின் அப்பா இறந்த மறுநாள், சீனாவிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். இரங்கல் சொல்லவில்லை. சட்டியைப் பற்றிக் கேட்டார்.

அவர்களுடைய ஷான்டோங் பக்கத்தில், பிணம் கிளம்பும்போது மூத்த மகன் ஒரு மண்சட்டியைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அடிப்பான். செத்தவருக்காகக் காகிதக் காசு எரித்த சாம்பல் அதில் இருக்கும். ஒரே அடியில் உடைய வேண்டும். இரண்டாவது அடி கிடையாது. உடைத்தவன்தான் வாரிசு. மகன் இல்லாதவருக்கு அண்ணன் தம்பி பிள்ளை உடைப்பான். மகள் உடைத்ததாக அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

பெரியப்பாவுக்கு மகன் இருந்தான், குவோபிங். அவனுக்கு விசா கிடைக்கப் பத்து நாளாகும். அதுவரை உடல் பிணவறையில் இருக்கட்டும் என்றார் பெரியப்பா. ஜிங் வாயைத் திறக்கும் முன்பே அம்மா போனை வாங்கி, சரி என்று சொல்லிவிட்டாள்.

"நீ எப்படிம்மா சரி சொல்லலாம்?"

"உலகம் சிரிக்கும்டி."

"இந்த துபாய்ல நம்மளை யாருக்குத் தெரியும், சிரிக்கிறதுக்கு?"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜிங்குக்கு வயது இருபத்தெட்டு. அவள் பிறந்த 1980இல்தான் ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்ற சட்டம் இறுகியது. அப்பா தொழிற்சாலையில் கடைசல் பிடிப்பவர், அம்மா அதே இடத்தில் தரம் பார்ப்பவள். ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டதற்கு அரசாங்கம் சிவப்பு அட்டைச் சான்றிதழ் கொடுத்தது. அந்த நல்ல காரியத்துக்காக ஊரில் அப்பாவுக்குக் கிடைத்த பட்டம் வேறு: வேரறுந்தவன். தொண்ணூற்றெட்டில் தொழிற்சாலையும் கைவிட்டது. அப்பா தெருமுனையில் சைக்கிள் ரிப்பேர் செய்து மகளை எஞ்சினியர் ஆக்கினார்.

சீனக் கடைகளுக்கான டிராகன் மார்ட் சந்தை திறந்த வருடம் அவள் துபாய் வந்தாள். மின்சார பேனல் விற்கும் கடையில் வேலை. பேனலைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. மூன்றாம் வருடம் பெற்றோரை அழைத்துக்கொண்டாள். ஒரு காலத்தில் மருமகள் மாமியார் வீட்டுக்குப் போனாள். இப்போது அப்பாவும் அம்மாவும் மூட்டை கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா இன்டர்நேஷனல் சிட்டி குடியிருப்பின் பால்கனியில் வெங்காயத்தாள் வளர்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதற்குத் தண்ணீர் ஊற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

பத்து நாள் காத்திருக்க அவள் தயாராக இல்லை. தூதரகக் கடிதம், போலீஸ் தாள், தகனத்துக்கு நேரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினாள். வியாழன் காலை பத்து மணி. மிச்சம் சட்டி மட்டும்தான்.

கடையில் எலெக்ட்ரீஷியனாக இருந்த வீரபாண்டி சிவகங்கைப் பக்கத்துக்காரர். இருவருக்கும் பொதுவாக இருந்தது கடையில் பேசிப் பழகிய இந்தி. விஷயத்தைக் கேட்டதும், தங்கள் ஊரிலும் குடம் உடைப்பார்கள் என்றார். ஆனால் பெண்கள் சுடுகாட்டு வாசலைத் தாண்ட மாட்டார்கள் என்றும் சொன்னார். சொன்னவரே அன்று மாலை அவளைப் பழைய கடைவீதியான தேராவுக்கு அழைத்துப்போனார். அங்கே பாத்திரக்கடை வைத்திருந்த கலீலுர் ரஹ்மான் கீழக்கரைக்காரர்.

"சட்டி மீன் கொழம்புக்கா?"

"இல்ல பாய். ஒடைக்கிறதுக்கு."

"வெளங்குனாப்லதான். ஒடையாத சட்டின்னு சொல்லி வித்துக்கிட்டு இருக்கேன், பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க."

வீரபாண்டி காரணத்தைச் சொன்னார். கலீலுர் ரஹ்மானின் முகம் மாறியது. காசு வாங்க மறுத்தார்.

ஜிங் ஏழு சட்டிகளை விரலால் தட்டிப் பார்த்து, மந்தமாக ஒலித்த ஒன்றை எடுத்தாள். சரியாக வேகாத சட்டி. சுலபமாக உடையும். அதில் தீ வளர்க்க வேண்டும் என்பதையும் வீரபாண்டியிடம் சொல்லிவைத்தாள். வீட்டில் அம்மா கண்ணில் பட வேண்டாம் என்று சட்டியை அவர் அறைக்குக் கொண்டுபோனார்.

வியாழன் காலை ஏழு மணிக்குச் சட்டி திரும்பி வந்தது. நிறம் கறுத்திருந்தது. தட்டினாள். ஒலி மாறியிருந்தது, கணீரென்றது.

"என்ன பண்ணீங்க, அண்ணா?"

புதுச் சட்டியை அப்படியே தீயில் வைத்தால் விரிசல் விடும், சாமி காரியத்தில் பாதியில் உடைந்துவிட்டால் பாவம் என்று பழக்கிக் கொண்டுவந்திருந்தார். ராத்திரி முழுக்க அரிசி கழுவிய தண்ணீர், காலையில் நல்லெண்ணெய் தடவிச் சூடு காட்டியது. அரிசித்தண்ணீர் ஊறிய சட்டி பத்து வருடம் தாங்கும் என்று பெருமையாகச் சொன்னவர், சொல்லி முடிப்பதற்குள் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

வேறு வாங்க நேரமில்லை. தேராவில் கடை திறக்கப் பத்தாகும்.

ஜிங் அப்பாவின் கருவிப்பெட்டியைத் திறந்து முக்கோண அரத்தை எடுத்தாள். சட்டியைச் சமையலறைத் தரையில் கவிழ்த்து அடிப்பக்கத்தில் கோடு இழுக்க ஆரம்பித்தாள். கீறல் இருக்கும் இடத்தில்தான் விசை குவியும், அங்கேதான் உடையும். இது ஏமாற்று இல்லையா என்று வீரபாண்டி தயங்கினார். ஒரே அடியில் உடைய வேண்டும் என்பதுதான் விதி, உடைவதற்கு உதவக் கூடாது என்று விதி இல்லை என்றாள். அரம் வழுக்கி விரலைக் கிழித்தது.

அம்மா எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. சட்டியைப் பார்த்தாள், அரத்தைப் பார்த்தாள், ரத்தத்தைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து அரத்தைப் பிடுங்கினாள்.

"இருபத்தஞ்சு வருஷம் உங்கப்பன் செஞ்ச சாமானைத் தரம் பார்த்தவ நான். இவ்வளவு மேலாப்ல இழுத்தா எப்படி உடையும்? தள்ளு."

குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று இழுத்தாள். கட்டைவிரல் நகத்தால் ஆழம் பார்த்தாள். போதும் என்றாள்.

தகனக்கூட வாசலில் ஊழியர் தாளைப் புரட்டி, மகன் எங்கே என்று இந்தியில் கேட்டார்.

"நான்தான்" என்றாள் ஜிங்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளில் முத்திரை குத்தினார்.

காகிதம் எரிந்து சாம்பலானது. ஜிங் பெரியப்பாவைக் கூப்பிட்டு, போனை வீரபாண்டியின் கையில் கொடுத்து நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். பெரியப்பா ஹலோ, ஹலோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டி இன்னும் சுட்டது. விரலில் கட்டிய துணி பிசுபிசுத்தது. தலைக்கு மேல் தூக்கி, அப்பாவைப் பெயர் சொல்லாமல் அப்பா என்றே கூப்பிட்டு, அடித்தாள்.

சிதறியது. ஓர் ஓடு வாசல்வரை ஓடிப்போய் நின்றது.

போனை வாங்கினாள்.

"என்ன சத்தம் அது?"

"சட்டி. அப்பாவோடது. நான் உடைச்சேன்."

அந்தப் பக்கம் யாரோ முணுமுணுப்பதும், பெரியப்பா அதட்டி அடக்குவதும் கேட்டது.

"ஒரே அடியிலா?"

"ஒரே அடியில, பெரியப்பா. குவோபிங்குக்கு விசா வேண்டாம்."

"திமிரு." மூச்சு வாங்கினார். "சட்டியை நீ உடைச்சா, தம்பி படத்தை ஏந்திக்கிட்டு முன்னால யாரு நடக்கிறது? அதுக்கும் ஆம்பளை வேணுமே?"

புருஷனின் கடைசி ஊர்வலத்தில் மனைவி போகக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஜிங் திரும்பிப் பார்த்தாள். கறுப்புச் சட்டமிட்ட படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஓட்டுத்துண்டுகளை மிதித்துத் தாண்டி அம்மா முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

"ஆள் இருக்கு" என்று சொல்லி ஜிங் போனை வைத்தாள்.